மண்ணில் கோடு போட்டு, சேலை கட்டிப் பார்த்த வீடு

எங்கள் மனை மதுரை ஊமச்சிகுளம் பக்கம். கிழக்கே தெரு. முகப்பு 22 அடி, ஆழம் 50 அடி. மொத்தம் 1,100 சதுர அடி, சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்று வைத்தால் இரண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். இதில் இருக்கப்போவது ஐந்து பேர்: என் கணவர், நான், என் அத்தை, ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன். அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நான் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். அதனால் மெஷினுக்கும் கட்டிங் மேசைக்கும் வெளிச்சமான இடம் வேண்டும். டியூப் லைட்டில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைத்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

இன்ஜினியர் தம்பி போட்டுக் கொடுத்த முதல் பிளான் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 16-க்கு 11 ஹால், இரண்டு படுக்கையறை, உள்ளேயே மாடிப்படி. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. பிளவுஸ் வெட்டும்போது கழுத்து, கைக்குழி எல்லாம் குறித்த பிறகு மிஞ்சுவதுதான் துணி. அந்தப் பழக்கத்தில் ஹாலின் நான்கு சுவரையும் ஸ்கேல் வைத்து அளந்து, கதவு வரும் இடத்தையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தேன். வாசல் கதவு, சமையலறை, இரண்டு படுக்கையறை, மாடிப்படி என்று ஐந்து திறப்பு. கடைசியில் இடைவெட்டு இல்லாமல் மிஞ்சிய நீளமான சுவர் நாலேகால் அடிதான். மூன்று பேர் உட்காரும் சோபாவே ஆறு அடி வரும். 16-க்கு 11 என்பது பெரிய அறை. ஆனால் அதில் எதையும் சுவரோடு சேர்த்துப் போட முடியாது. அது ஐந்து கதவுக்கு நடுவே இருக்கும் நடைபாதை.

அன்றிலிருந்து எந்தப் பிளானைப் பார்த்தாலும் அறையின் சதுர அடியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கதவு வைத்த பிறகு எத்தனை அடி சுவர் மிஞ்சுகிறது என்று மட்டும்தான் பார்ப்பேன்.

இரண்டாவது, மூன்றாவது பிளானும் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. காகிதத்தில் இதற்கு மேல் எனக்குப் புரியவில்லை. மனையிலேயே முழு அளவில் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

பங்குனி மாதம். கருவேல முள்ளை வெட்டி, மண்ணைச் சமமாக்கி வைத்திருந்தார்கள். கோலத்துக்குத் தெளிப்பதுபோல முதலில் தண்ணீர் தெளித்தோம். இல்லாவிட்டால் சுண்ணாம்புத் தூள் காற்றில் போய்விடும். நான்கு மூலையில் முளை அடித்து, நூல் கட்டி, நூலின் மேலேயே தூளைத் தூவிக்கொண்டு போனோம். வெளிச்சுவர் 9 இன்ச், உள்சுவர் நாலரை இன்ச். சுவரின் இரண்டு பக்கக் கோட்டையும் போட வேண்டும். ஒற்றைக் கோடு போட்டால் ஏமாந்துவிடுவோம். 22 அடி மனையில் வெளிச்சுவர் இரண்டு மட்டுமே ஒன்றரை அடியை எடுத்துக்கொள்கிறது.

அப்புறம் சாமான்கள். பழைய செய்தித்தாளை ஒட்டி, பேட்டர்ன் வெட்டுவதுபோல நிஜ அளவில் வெட்டினேன். கட்டில் 5 அடிக்கு ஆறேகால் அடி, பீரோ 3 அடிக்கு 20 இன்ச், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஒவ்வொன்றும் 2 அடிக்கு 2 அடி, கட்டிங் மேசை 5 அடிக்கு 3 அடி. கதவுகளுக்குக் கால்வட்டமாக வெட்டினேன், திறக்கும்போது எவ்வளவு இடத்தைத் துடைத்துக்கொண்டு போகும் என்று தெரிய. ஒவ்வொன்றின் மேலும் கல் வைத்தோம்.

அத்தை ஆட்டோவில் வந்து இறங்கிப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "ஏம்மா, இது கோழிக்கூடு மாதிரி இருக்கே. இதுலயா நாம அஞ்சு பேரும் இருக்கப்போறோம்?" என்றார்கள். எனக்கும் வயிற்றைக் கலக்கியது. வெட்டவெளியில் கோடு போட்டால் எந்த அறையும் பாதியாகத்தான் தெரியும் என்று கொத்தனார் சொன்னார். "சுவர் எந்திரிச்சதும் பெருசாத் தெரியும்மா. இதைப் பாத்துட்டு அளவைக் கூட்டிட்டு, பின்னாடி காசு பத்தாம நின்னவங்க நிறையப் பேரு" என்றார். அவர் சொன்னாலும் மனம் ஒப்பவில்லை. சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, வீட்டிலிருந்த பழைய சேலைகளைச் சுவர் மாதிரி தொங்கவிட்டேன். 11-க்கு 11 அறையைச் சுற்றி நான்கு பக்கமும் சேலை வந்ததும் அது அறையாகிவிட்டது. அத்தை உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இப்பச் சரி" என்றார்கள். சேலை கட்டியிருக்காவிட்டால் பயத்தில் ஒவ்வொரு அறையிலும் ஒரு அடி கூட்டியிருப்போம்.

விதிப்படி விட வேண்டிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு அகலத்துக்கு முன்பக்கம் ஒன்றரை மீட்டர், மனை அகலத்துக்கு ஏதாவது ஒரு பக்கவாட்டில் ஒரு மீட்டர் என்று இன்ஜினியர் தம்பி கணக்குச் சொன்னார். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் இல்லை. ஆனால் அந்த அனுமதி விதியை மட்டும்தான் பார்க்கும். அத்தை ராத்திரி எழுந்து எப்படிப் போவார்கள் என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு மீட்டர் பக்கவாட்டுச் சந்தை எந்தப் பக்கம் விடுவது? இதற்கு மட்டும் நான்கு நாள் பேசினோம். தெற்கே பக்கத்து வீடு எல்லையை ஒட்டியே இரண்டு மாடி ஏறியிருக்கிறது. அந்தப் பக்கம் சந்து விட்டால் நம் ஜன்னலுக்கு எதிரே அவர்கள் சுவர்தான். வடக்கே காலி மனை. அதனால் சந்தை வடக்கே விட்டு, தெற்குச் சுவரை ஜன்னலே இல்லாமல் குருட்டுச் சுவராக விட்டோம். பக்கத்து வீட்டு நிழல் அந்தச் சுவர் மேல் விழுவதால் அது சூடேறுவதில்லை என்பது லாபம். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று பலர் சொல்வார்கள். மதுரைக்கு அது பொருந்தாது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடு வரை உச்சி வெயில் நமக்கு வடக்கே சாய்ந்துதான் இருக்கும். அந்த நான்கு மாதத்துக்காக வடக்கு ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் 2 அடி சன்ஷேடு கேட்டு வாங்கினேன்.

தெற்கில் ஜன்னல் இல்லை என்று ஆனதும் வீட்டின் நடுவில் தென்பக்கம் முழுக்க இருட்டு. முதல் மூன்று பிளானிலும் என் மெஷினை அங்கேதான் தள்ளியிருந்தார்கள். கோட்டுக்குள் நின்று பார்த்தபோதுதான் அத்தை சொன்னார்கள்: "எங்க ஊரு வீட்ல நடுவுல முத்தம் இருக்கும். மூணு பக்கமும் சுவரா இருந்தாலும் மேல இருந்து வெளிச்சம் வரும். சின்னதா ஒண்ணு விட முடியாதா?"

முற்றத்துக்கு 6 அடிக்கு ஐந்தரை அடி. 33 சதுர அடி போகிறது. கட்டச் சதுர அடிக்கு 2,300 ரூபாய் பேசியிருந்த காலத்தில் காசு கொடுத்து வாங்கிய இடத்தை வானத்துக்கு விடுவதா என்று என் கணவர் தயங்கினார். சேலைகளை அந்த இடத்தில் மட்டும் விலக்கி, மற்ற பக்கமெல்லாம் இறுக்கிக் கட்டி, மேலே தார்ப்பாயை இழுத்து, முற்றத்துக்கு மட்டும் ஓட்டை விட்டோம். காலை பத்து மணிக்கு அவர் உள்ளே நின்று பேப்பர் படித்துப் பார்த்தார். வெளியே வந்து, "விட்டுடலாம்" என்றார்.

முற்றம் வந்ததும் மற்றதெல்லாம் தன்னால் வரிசைக்கு வந்தது. வீட்டை நீளவாக்கில் இரண்டு பட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். தெற்குப் பட்டை 6 அடி அகலம்: முன்னால் சமையலறை 10 அடி, அடுத்து முற்றம், அதற்கு அடுத்து 11 அடி நீளத்துக்குத் தையல் இடம், அதுவே பின்னறைக்குப் போகும் வழி. வடக்குப் பட்டை 10 அடி 9 இன்ச் அகலம்: முன்னால் ஹால், அடுத்து பொதுக் குளியலறை, அதை ஒட்டி அத்தையும் மகளும் படுக்கும் அறை. பின்னால் கன்னி மூலையான தென்மேற்கில் எங்கள் அறை 11-க்கு 11, அதை ஒட்டி வாயு மூலையான வடமேற்கில் இன்னொரு குளியலறையும் துணி அலமாரியும். மகனுக்கு ஹாலில் திவான். மொத்தம் 18 அடி 8 இன்ச்சுக்கு 40 அடி 3 இன்ச், அதாவது 751 சதுர அடி.

ஹால் நீளம் 16 அடியிலிருந்து 11 அடியாகச் சுருங்கிவிட்டது. இதில் எனக்கு வருத்தமே இல்லை. முற்றம் பக்கம் திறந்திருப்பதால் கண்ணுக்கு இன்னும் தூரம் கிடைக்கிறது. வடக்குச் சுவர் ஜன்னலோடு சேர்த்து 11 அடியும் கதவே இல்லாமல் எங்களுக்கு மிஞ்சியது. சோபாவும் திவானும் அங்கேதான்.

சுருக்கிய அந்த ஐந்து அடிதான் பொதுக் குளியலறை ஆனது. முதல் பிளானில் அத்தை கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு ஹாலைச் சுற்றி வர வேண்டும். கோட்டில் அவர்களை நடக்கவிட்டு எண்ணினேன். 17 எட்டு. இந்த அமைப்பில் 6 எட்டு, வழியில் திரும்புவது ஒரே ஒரு இடத்தில். இன்னொன்றும் நடக்கவிட்டபோதுதான் தெரிந்தது. குளியலறை நாலரை அடிக்கு 7 அடி. காகிதக் கதவை உள்பக்கம் திறப்பதுபோல வைத்து, அத்தையை உள்ளே நிற்கச் சொன்னேன். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அந்தக் கதவை யாராலும் தள்ளித் திறக்க முடியாது. கதவை வெளியே திறப்பதாக மாற்றினோம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள். பைசா செலவில்லை, கதவு நிலையை மாட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சமையலறை அக்கினி மூலையான தென்கிழக்கில், தெருப்பக்கம் வருவதில் எனக்கு முதலில் விருப்பமில்லை. பின்பக்கம்தான் வசதி என்று நினைத்தேன். அத்தை வாஸ்துவைச் சொன்னதோடு காற்றையும் சொன்னார்கள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும். சமையலறை மேற்கே இருந்தால் தாளிக்கிற நெடி முழுக்க வீட்டுக்குள் வரும். கிழக்கே இருந்தால் அதே காற்று நெடியைத் தெருவுக்குத் தள்ளிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது இது தலைகீழாகும். அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேன். இங்கே ஒரு தொந்தரவையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு குளியலறைக் குழாயும் வடக்குச் சந்தில் நேராகப் போய்விடுகின்றன. சமையலறைக் குழாய் மட்டும் வீட்டின் முன்னால் குறுக்கே போக வேண்டும். கூடுதலாகக் குழாயும் இரண்டு தொட்டியும் செலவாயின.

சமையலறை அகலத்தில் கொத்தனாருக்கும் எனக்கும் ஒரு பேச்சு நடந்தது. மனையடி சாஸ்திரத்தில் 6, 8, 10, 11, 16 நல்ல அளவு. 9, 12, 13 ஆகாது. ஹால் அகலம் 10 அடி 9 இன்ச் என்பதில் அவருக்கு மனசில்லை. சமையலறையில் 3 இன்ச் எடுத்து ஹாலை 11 ஆக்கலாம் என்றார். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ன்படி சமையலறை அகலம் குறைந்தது 1.8 மீட்டர். 6 அடியில் இரண்டு பக்கப் பூச்சு ஒரு இன்ச் போனால் 5 அடி 11 இன்ச், அதாவது 1.803 மீட்டர். எடுக்க ஒன்றுமே இல்லை. 2 அடி மேடை போக நிற்பதற்கு 4 அடிகூட முழுசாக இல்லாத இடம் அது. கடைசியில் அத்தைதான் முடித்துவைத்தார்கள்: "பத்து முடிஞ்சு பதினொண்ணுல நடக்குது. ரெண்டுமே நல்ல எண்ணுதானே, விடுங்க கொத்தனாரே." அவரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

மாடிப்படிதான் எனக்குப் பெரிய பாடம். உள்ளே வைத்த படி ஆறரைக்கு 10 அடி, 65 சதுர அடி. சொன்ன விலையில் அது மட்டும் 1,49,500 ரூபாய். இப்போதைக்கு மாடியில் வீடே இல்லை, துணி காயப்போடத்தான் போகப் போகிறோம். வெளியே வைக்கலாம் என்றால் எங்கே? ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் அறைக்கான கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். மேற்கு வெயில் முகத்தில் அறைந்தது. சுவர் வந்தாலும் அந்த வெயில் சுவரில்தான் ஏறும், ராத்திரி பத்து மணி வரை உள்ளே அனல் அடிக்கும். அந்தச் சுவருக்கு ஒரு நிழல் வேண்டும் என்று யோசித்தபோதுதான் படியை அங்கே வைத்தால் என்ன என்று தோன்றியது.

கணக்குப் போட்டோம். தளத்துக்குத் தளம் 10 அடி. 18 ஏற்றம் வைத்தால் ஒவ்வொன்றும் ஆறே முக்கால் இன்ச்சுக்குள். மிதி 10 இன்ச் வீதம் 17 மிதிக்கு 14 அடி 2 இன்ச். பின்பக்கச் சுவர் 18 அடி 8 இன்ச் இருக்கிறது. நேர்ப்படி அப்படியே பொருந்தியது. பின்னால் விட்டிருந்த நாலரை அடியில் 3 அடி அகலப் படி. வடக்குச் சந்து வழியாக வந்து ஏறலாம். நாளைக்கு மேலே கட்டி வாடகைக்கு விட்டாலும் யாரும் நம் ஹாலுக்குள் வர வேண்டாம். வடக்கிலிருந்து தெற்கே ஏறுவதால் படி உயரமாகும் இடம் தெற்கு மூலை. எங்கள் அறை ஜன்னல் அந்த உயரத்துக்கு அடியில் வருவதால் வெளிச்சம் மறையவில்லை, ஆனால் வெயில் மறைந்துவிட்டது. வடக்கிலிருந்து தெற்கே ஏறுவதுதான் வாஸ்துப்படி சரி என்று அத்தைக்கும் நிறைவு. இன்ஜினியர் தம்பி விதியைப் பார்த்துவிட்டு, படியை வரைபடத்திலேயே காட்டித்தான் அனுமதி வாங்கினார். இதை யாரும் வாய்ப்பேச்சில் கட்டிவிடக் கூடாது.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன் கொத்தனார் நூல் கட்டி, ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4, குறுக்கே 5 என்ற கணக்கு வைத்து மூலை பிடித்தார். நான் என் பங்குக்கு இரண்டு குறுக்களவையும் டேப் வைத்துப் பார்த்தேன். இரண்டும் 44 அடி 4 இன்ச்சுக்குச் சற்று மேல், ஒன்றுக்கொன்று சமம். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் வீடு கோணல். சுவர் ஏறிய பிறகு அதைச் சரிசெய்ய முடியாது.

கட்டி முடித்துக் குடிவந்தது ஆவணியில். ஐப்பசி மழை எங்கள் தப்பை எடுத்துக்காட்டியது. முற்றத்துத் தரையை 6 இன்ச் தாழ்த்தி, 3 இன்ச் குழாய் ஒன்றைத் தரைக்கு அடியில் வடக்குச் சந்துக்கு விட்டிருந்தோம். இரண்டாவது பெருமழையில் பக்கத்து வேப்பமரச் சருகு வாயை அடைத்துக்கொண்டது. முற்றம் நிரம்பி, தையல் இடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கீழே வைத்திருந்த மூன்று பட்டுப் பிளவுஸ் துணி நனைந்தது. எல்லாம் வாடிக்கையாளர் துணி. அன்று நான் அழுதுவிட்டேன்.

மறுவாரமே சரிசெய்தோம். முற்றத்தைச் சுற்றி 3 இன்ச் கிரானைட் வரம்பு. தரையைக் கொத்தி, வாட்டத்தைக் குழாய்ப் பக்கம் மறுபடி ஊற்றினோம். குழாய் வாயில் தட்டையான ஜல்லடைக்குப் பதில் குமிழ் மாதிரி எழும்பியிருக்கும் ஜல்லடை. சருகு சுற்றிலும் படிந்தாலும் மேல் துளை வழியாகத் தண்ணீர் போகும். வரம்புக்கு ஒரு இன்ச் கீழே, சமையலறை மேடைக்கு அடியில் தெருப்பக்கம் போகும் இரண்டாவது குழாய். ஒன்று அடைத்தாலும் மற்றது இருக்கிறது. முற்றம் வைக்க நினைப்பவர்கள் இரண்டு வழி வைக்காமல் வைக்க வேண்டாம். மேலே கம்பி வலை முதலிலிருந்தே உண்டு, குரங்குக்காக.

அடுத்த மழையில் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஒன்றரை இன்ச் ஏறி, அப்படியே வடிந்தது.

இந்தத் தை மாதம் வடக்குக் காலி மனைக்காரர்கள் கட்டப் போகிறோம் என்று வந்து சொன்னார்கள். நான் அவர்கள் வீட்டு அக்காவை வரச் சொல்லி, எங்கள் சந்தில் நிற்கவைத்துக் காட்டினேன். அவர்கள் சந்தை அவர்களுடைய வடக்கே விட்டால் எங்கள் சந்து மூன்று அடி இருட்டு. தெற்கே எங்கள் பக்கம் விட்டால் இரண்டு சந்தும் சேர்ந்து ஆறரை அடி, இரண்டு வீட்டுக்கும் வெளிச்சம், இரண்டு வீட்டுக்கும் காற்று. அந்த அக்கா, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். போகும்போது கட்டில், பீரோ, கதவு என்று நான் வெட்டி வைத்திருந்த பேப்பர்கள் எல்லாவற்றையும் சுருட்டிக் கொடுத்தேன். இன்று காலையில் அங்கே தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள்.